ஒளிப்படக்கலையில் வண்ண ஒளி

ஒளியின் ஒரு நிறப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தோ, நிறமூட்டிய விளக்கொளியைப் பாய்ச்சியோ படம் எடுக்கும் முறைகள் ஒளிப்படக்கலையில் வண்ண ஒளிப் பயன்பாடு எனப்படுகின்றன. இதன் முதன்மைக் கருவி நிறவடிகட்டி. அது நிறக் கண்ணாடியாகவோ, நிறக் கரைசலாகவோ, சாயமேற்றிய ஜெலட்டின் தாளாகவோ இருக்கலாம். எந்த வடிவிலும் அதன் வேலை ஒன்றே. தன் நிறத்துக்குரிய ஒளியை உள்ளே விட்டு, மற்ற ஒளியைத் தடுத்துவிடும்.

காட்சியின் நிறங்களை உள்ளபடி பதியவும், காட்சியில் இல்லாத நிறங்களை உருவாக்கவும் இதே கருவிதான் பயன்பட்டு வந்துள்ளது. ஆகவே வண்ண ஒளிப்படத்தின் வரலாற்றில் அறிவியல் பதிவையும் கலைப் படைப்பையும் தனித்தனியாகப் பிரிப்பது கடினம். 1861இல் காட்டப்பட்ட முதல் மூவண்ணப் படத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. அப்படத்தில் தெரிந்த சிவப்பு, சிவப்பு ஒளியால் பதிவானதன்று.

பின்னணி

வெள்ளொளி பல நிற ஒளிகளின் கலவை என்பதை ஐசக் நியூட்டன் முப்பட்டகச் சோதனைகள் மூலம் காட்டினார். அவருடைய ஒளியியல் நூல் 1704இல் வெளிவந்தது. 1802இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் யங், கண்ணில் எண்ணற்ற நிறங்களுக்கு எண்ணற்ற உணர்விகள் இருக்க இயலாது என்றும், மூன்று வகை உணர்விகளே போதுமானவை என்றும் கருத்துரைத்தார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பின்னர் இக்கொள்கையை விரிவாக்கினார்.

ஒளிப்படக்கலை 1839இல் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டபோது படங்களில் நிறம் இல்லை. அந்தக் குறை உடனே உணரப்பட்டது. தூரிகையால் படத்தின் மேல் வண்ணம் தீட்டுவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 1848இல் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மண்ட் பெக்கரல் வெள்ளித் தகட்டில் நிறமாலையின் நிறங்களை நேரடியாகப் பதித்தார். ஆனால் அவற்றை நிலைநிறுத்தும் வழி அவருக்குக் கிடைக்கவில்லை. வெளிச்சம் பட்டால் அந்நிறங்கள் மங்கின.

நிறத்தைத் தகட்டில் பிடித்துவைக்க முயல்வதைக் காட்டிலும், அதை ஒளியின் மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பதிந்து பின்னர் ஒளியாலேயே மீண்டும் சேர்ப்பது எளிது என்ற எண்ணம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல்லிடமிருந்து வந்தது. 1855இல் எடின்பரோ அரச கழகத்துக்கு அளித்த கட்டுரையில் அவர் இம்முறையை விளக்கினார். அப்போது அவருக்கு வயது 23.

மேக்ஸ்வெல்லின் நாடா

1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மேக்ஸ்வெல் மூன்று முதன்மை நிறங்களின் கொள்கை பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதற்கான படங்களை எடுத்துத் தந்தவர் ஒளிப்படக் கலைஞர் தாமஸ் சட்டன். ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட டார்ட்டன் துணியாலான நாடா ஒன்று படப்பொருளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

சட்டன் கண்ணாடித் தொட்டிகளில் நிறக் கரைசல்களை நிரப்பி அவற்றின் ஊடாக நாடாவைப் படமெடுத்தார். சிவப்புக்கு இரும்புத் தயோசயனேட்டுக் கரைசலும், பச்சைக்குச் செப்புக் குளோரைடுக் கரைசலும், நீலத்துக்கு அம்மோனியா கலந்த செப்புச் சல்பேட்டுக் கரைசலும் பயன்பட்டன. நீலக் கரைசலின் வழியே 6 விநாடிகளில் படம் பதிந்தது. பச்சைக்கு 12 நிமிடங்களும் சிவப்புக்கு 8 நிமிடங்களும் தேவைப்பட்டன.

இவ்வாறு கிடைத்த மூன்று படங்களும் கறுப்பு வெள்ளைப் படங்களே. அவற்றிலிருந்து கண்ணாடி நேர்ப்படங்கள் எடுத்து, மூன்று மாய விளக்குகளில் வைத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நிற ஒளியால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்தனர். திரையில் நாடா வண்ணத்தில் தெரிந்தது. சிவப்பும் பச்சையும் நீலம் அளவுக்கு நன்றாகப் பதியவில்லை என்பதையும், சிவப்பு ஒளியை நன்கு உணரும் தகடுகள் கிடைத்தால் படம் மேலும் உண்மையாக அமையும் என்பதையும் மேக்ஸ்வெல்லே ஒப்புக்கொண்டார்.

சட்டன் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் தகடுகள் நீலம், ஊதா, புற ஊதா ஒளியை மட்டுமே உணர்பவை. சிவப்பு ஒளியை அவை உணர்வதே இல்லை. அப்படியானால் சிவப்புக் கரைசலின் வழியே 8 நிமிடங்களில் பதிந்தது எது? இக்கேள்விக்கான விடை நூறாண்டு கழித்து 1961இல் கிடைத்தது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் எவன்ஸ் சோதனையை மீண்டும் செய்து பார்த்தார். சிவப்புக் கரைசல் புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியையும் கடத்துகிறது என்பதும், சிவப்புத் துணிச் சாயங்கள் பல புற ஊதாவையும் எதிரொளிக்கின்றன என்பதும் தெரியவந்தன. நாடாவின் சிவப்புப் பகுதி கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாவால் பதிவாகி, மாய விளக்கின் சிவப்பு ஒளியால் திரையில் சிவப்பாகத் தெரிந்திருக்கிறது.

மேக்ஸ்வெல்லின் கொள்கை சரியானது. அதை மெய்ப்பித்த படத்தின் சிவப்போ தற்செயலாக வந்தது. அந்த மூன்று தகடுகளும் எடின்பரோவில் இந்தியா தெரு 14ஆம் எண் வீட்டில், மேக்ஸ்வெல் பிறந்த இல்லத்தில், பாதுகாக்கப்படுகின்றன.

சிவப்பைக் காணாத தகடுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒளிப்படத் தகடு நீலத்தை மட்டும் காணும் கண்ணாகவே இருந்தது. இதன் விளைவுகளைப் பழைய படங்களில் எளிதில் காணலாம். நீல வானம் வெறும் வெள்ளையாக விழுந்தது. நீலத் துணி வெளிறியும் சிவப்புத் துணி கறுத்தும் தெரிந்தன. முகத்தில் இருந்த செம்புள்ளிகள் கரும்புள்ளிகளாயின. பழைய குடும்பப் படங்களில் குங்குமப் பொட்டு கறுப்பாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். செம்மையும் மஞ்சளும் கலந்த மனிதத் தோல்நிறம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுத்துப் பதிந்தது.

இருட்டறையில் எரியும் சிவப்பு விளக்கு இக்குறையிலிருந்து பிறந்த வசதியாகும். தகடு காணாத ஒளியில் மனிதர் தாராளமாக வேலை செய்யலாம். கறுப்பு வெள்ளை அச்சுத்தாள் சிவப்பை உணராதது என்பதால், படச்சுருள்கள் மாறிய பின்னும் ஒளிப்பட நிலையங்களின் இருட்டறைகளில் அந்தச் சிவப்பு விளக்கு நீடித்தது.

மாற்றம் 1873இல் தொடங்கியது. பெர்லினில் பேராசிரியராக இருந்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், தம்மிடம் இருந்த சில தகடுகள் எதிர்பாராத வகையில் பச்சை ஒளியை நன்கு உணர்வதைக் கவனித்தார். தகட்டினுள் ஒளி சிதறாமல் தடுப்பதற்காக அவற்றில் ஒரு மஞ்சள் சாயம் சேர்க்கப்பட்டிருந்தது. அந்தச் சாயம் தான் உறிஞ்சும் ஒளிக்கு வெள்ளி உப்பையும் உணர்வுடையதாக்குகிறது என்பதை ஃபோகல் சோதித்து நிறுவினார். சாயத்தை மாற்றினால் தகடு காணும் நிறமும் மாறும் என்பது இதனால் தெளிவாயிற்று.

முதலில் பச்சையையும் மஞ்சளையும் உணரும் தகடுகள் வந்தன. 1902இல் பெர்லினில் அடால்ஃப் மீத்தே குழுவினர் சிவப்பையும் உணரச் செய்யும் சாயத்தைக் கண்டனர். 1906இல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் முழுநிறத் தகடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேக்ஸ்வெல் விரும்பிய தகடு அவர் சொன்னதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கடைக்கு வந்தது.

கூட்டல் முறையும் கழித்தல் முறையும்

மேக்ஸ்வெல்லின் முறை கூட்டல் முறை எனப்படும். இருளில் தொடங்கி, சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் இறுதியில் வெள்ளை கிடைக்கும். இதற்கு விளக்கும் திரையும் வேண்டும். தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துப் பார்க்க இது உதவாது.

அதற்கான வழியை 1869இல் பிரான்சில் இருவர் தனித்தனியே முன்வைத்தனர். ஒருவர் லூயி டுக்கோ டு ஓரோன். மற்றவர் கவிஞரும் கண்டுபிடிப்பாளருமான ஷார்ல் குரோ. இருவருடைய அறிக்கைகளும் பிரெஞ்சு ஒளிப்படக் கழகத்தின் முன் ஒரே நாளில், மே 7 அன்று வைக்கப்பட்டன. மூன்று நிறவடிகட்டிகளின் வழியே எடுத்த படங்களை முறையே சயான், மஜெந்தா, மஞ்சள் ஆகிய எதிர்நிறச் சாயங்களில் அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது அவர்கள் கூறிய முறை. வெள்ளைத் தாளில் படும் ஒளியிலிருந்து ஒவ்வொரு சாயமும் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதால் இது கழித்தல் முறையாயிற்று. இன்றைய நாளிதழ், நாட்காட்டி, சுவரொட்டி அனைத்தின் வண்ண அச்சும் இதே அடிப்படையில் நடக்கிறது.

ப்ரொகுதின்-கோர்ஸ்கியின் ரஷ்யா

மூன்று வடிகட்டிகளின் வழியே ஒரு நாட்டையே பதிய முயன்றவர் ரஷ்ய வேதியியலாளர் செர்கேய் ப்ரொகுதின்-கோர்ஸ்கி (1863–1944). 1902இல் பெர்லின் சென்று மீத்தேயிடம் பயின்றார். 1908இல் அவர் எடுத்த எழுத்தாளர் டால்ஸ்டாயின் வண்ணப்படம் அவருக்குப் புகழ் தந்தது. அடுத்த ஆண்டு பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸ் முன் தம் படங்களை ஒளித்திரையில் காட்டினார். பேரரசின் ஆதரவுடன், இருட்டறை அமைந்த ரயில் பெட்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. 1909 முதல் 1915 வரை யூரல் மலைப்பகுதி, சமர்கந்து, புகாரா எனப் பல இடங்களுக்கும் சென்று படமெடுத்தார்.

அவருடைய கேமரா ஒரே நீண்ட கண்ணாடித் தகட்டில், நீலம், பச்சை, சிவப்பு வடிகட்டிகளின் வழியே மூன்று படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தது. மூன்றுக்கும் இடையே சில விநாடிகள் கழியும். மலையும் கோயிலும் அசையாதவை என்பதால் அவற்றின் நிறம் துல்லியமாக அமைந்தது. ஓடும் நீரும் தலையசைத்த குழந்தையும் அப்படி இல்லை. ஆற்றின் மேற்பரப்பில் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் தனித்தனியே சிதறிக் கிடப்பதை அவருடைய படங்களில் காணலாம். அவை மூன்று தனித்தனித் தருணங்களின் சுவடுகள்.

புரட்சிக்குப்பின் 1918இல் அவர் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். அவருடைய மறைவுக்குப்பின் 1948இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவருடைய வாரிசுகளிடமிருந்து ஏறத்தாழ 1,900 தகடுகளை வாங்கியது. 2000ஆம் ஆண்டில் அவை மின்வருடப்பட்டு, கணினியில் மூன்று படங்களும் ஒன்றாகப் பொருத்தப்பட்டன. இதன்பிறகே அவருடைய படங்கள் உலகெங்கும் பரவலாகப் பார்க்கப்பட்டன. முதல் உலகப்போருக்கு முந்தைய மனிதர்களை இவ்வளவு தெளிந்த நிறத்தில் கண்டு பலர் வியந்தனர்.

ஆட்டோகுரோம்

மூன்று முறை படமெடுக்கும் தேவையை நீக்கியது ஆட்டோகுரோம் தகடு. திரைப்படக் கருவிக்காக அறியப்பட்ட லூமியேர் சகோதரர்கள் 1903இல் இதற்குக் காப்புரிமை பெற்று, 1907இல் பிரான்சின் லியோன் நகரிலிருந்து விற்பனைக்கு வெளியிட்டனர். வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் வண்ண ஒளிப்பட முறை இதுவே.

இதன் வடிகட்டி உருளைக்கிழங்கு மாவு. மாவுத்துகள்களை ஆரஞ்சு, பச்சை, ஊதா என மூன்று நிறங்களில் சாயமேற்றி, கலந்து, கண்ணாடியில் ஒற்றை அடுக்காகப் பரப்பினர். இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்தனர். ஒரு சதுர அங்குலத்தில் ஏறத்தாழ 40 லட்சம் துகள்கள் இருந்தன. அதன்மேல் முழுநிறம் உணரும் கறுப்பு வெள்ளைப் பூச்சு பூசப்பட்டது. ஒளி முதலில் நிறத்துகள்களைக் கடந்து பூச்சில் பதியும். கழுவி எடுத்த தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அதே துகள்கள் நிறத்தை மீட்டுத் தரும்.

ஆட்டோகுரோம் ஒளியைப் பெருமளவு விழுங்கியதால் நல்ல வெயிலிலும் ஒரு விநாடி அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டது. ஒவ்வொரு தகடும் ஒற்றைப் பிரதிதான். ஆயினும் துகள்கள் தந்த மென்மை ஓவியத்தை நினைவூட்டியதால் எட்வர்ட் ஸ்டைக்கன், ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், ஹைன்ரிக் கூன் முதலிய கலைஞர்கள் இதை உடனே கையிலெடுத்தனர். மறுபுறம், பிரெஞ்சு வங்கியாளர் ஆல்பெர் கான் 1909 முதல் 1931 வரை உலகின் பல நாடுகளுக்கு ஒளிப்படக்காரர்களை அனுப்பி ஏறத்தாழ 72,000 ஆட்டோகுரோம்களைத் திரட்டினார். கலைக்கும் ஆவணத்துக்கும் ஒரே தகடு பயன்பட்டது.

கறுப்பு வெள்ளையில் நிறவடிகட்டி

நிறவடிகட்டியின் படைப்பாற்றலைத் தெளிவாகக் காட்டிய படங்களுள் ஒன்று நிறமே இல்லாத படம். 1927 ஏப்ரல் 10 அன்று, அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்னும் பெரும்பாறையை ஆன்சல் ஆடம்ஸ் படமெடுத்தார். அப்போது அவருக்கு வயது 25. கையில் இரண்டே தகடுகள் மிஞ்சியிருந்தன. முதல் தகட்டை வழக்கமான மஞ்சள் வடிகட்டியின் வழியே எடுத்தார். எடுத்து முடித்ததும், தாம் உணர்ந்த அந்தப் பாறையின் கம்பீரம் படத்தில் வராது, வானம் வெளிறித்தான் விழும் என்று அவருக்குத் தோன்றியது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டியைப் பொருத்தினார்.

சிவப்பு வடிகட்டி நீல ஒளியைத் தடுக்கும். ஆகவே நீல வானம் ஏறக்குறைய கருமையாகப் பதிந்தது. நிழல்களும் ஆழ்ந்தன. வெயில் பட்ட பாறை அந்தக் கருமையின் முன் ஒளிர்ந்து எழுந்தது. கண் கண்ட வானம் அதுவன்று. படம் எடுக்கும் முன்னரே அச்சில் வரவேண்டிய காட்சியை மனத்தில் காணும் தம் முறைக்கு இந்நாளையே தொடக்கமாக ஆடம்ஸ் பின்னாளில் குறிப்பிட்டார். சிவப்பை உணரும் முழுநிறத் தகடு இல்லாதிருந்தால் இப்படம் இயன்றிருக்காது.

யெவோண்டின் துணிச்சல்

1930களின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருவப்படக் கலைஞர்கள் பலரும் கறுப்பு வெள்ளையையே மதிப்புடையதாகக் கருதினர். வண்ணம் விளம்பரத்துக்கு உரியது என்ற எண்ணம் இருந்தது. பெண்களின் வாக்குரிமை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்த மேடம் யெவோண்ட் (1893–1975) இதை ஏற்கவில்லை. லண்டனில் சொந்தமாக ஒளிப்பட நிலையம் நடத்திய அவர், விவெக்ஸ் என்னும் முறையைக் கையாண்டார். மூன்று வடிகட்டிகளின் வழியே மூன்று எதிர்ப்படங்கள் எடுத்து, சயான், மஜெந்தா, மஞ்சள் அடுக்குகளாக அச்சிடும் கழித்தல் முறை அது.

1935இல் உயர்குடிப் பெண்களைக் கிரேக்க, ரோமானியத் தொன்மப் பாத்திரங்களாக நிறுத்தி அவர் எடுத்த தேவியர் வரிசை புகழ்பெற்றது. வண்ணப் பின்திரை, வண்ண ஆடை, நிறவடிகட்டி ஆகியவற்றைக் கொண்டு படம் முழுவதையும் ஒரே நிறத்தின் சாயைகளில் அமைப்பது அவருடைய பாணி. ரப்பர்ப் பாம்புகளைத் தலையில் சூடிய மெடூசாவின் படம் இவ்வரிசையில் பலரும் அறிந்தது. தோல்நிறம் இயல்பாக விழவேண்டும் என்ற விதியை அவர் மதிக்கவில்லை. பாத்திரத்துக்கு ஏற்ற நிறமே அவருக்கு முக்கியம்.

1939இல் போர் தொடங்கியதும் விவெக்ஸ் கூடம் மூடப்பட்டது. யெவோண்ட் கறுப்பு வெள்ளைக்கே திரும்ப நேர்ந்தது. லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் 2023இல் நடத்திய பெரிய கண்காட்சி அவருடைய வண்ணப் பணியை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

விளக்கொளிக்கு நிறமூட்டுதல்

லென்சின் முன் வடிகட்டி வைப்பது முழுப் படத்தையும் மாற்றும். விளக்கின் முன் வைத்தால் அந்த விளக்கு ஒளி படும் இடம் மட்டுமே மாறும். இவ்வழக்கம் நாடக மேடையிலிருந்து வந்தது. 1545இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் செபாஸ்தியானோ செர்லியோ, நிறநீர் நிரப்பிய கண்ணாடிக் கலங்களின் பின்னே விளக்கு வைத்து மேடைக்கு ஒளியூட்டும் முறையை எழுதிவைத்தார். பின்னர்ச் சாயமேற்றிய ஜெலட்டின் தாள் வந்தது. இன்று அத்தாள்கள் வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டாலும் ஜெல் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

எந்த விளக்கொளியும் உண்மையில் நிறமற்றதன்று. ஒளியின் செம்மையையும் நீலத்தையும் நிறவெப்பநிலையாக அளப்பர். மெழுகுவர்த்தி ஏறத்தாழ 1,900 கெல்வின். டங்ஸ்டன் படவிளக்கு 3,200 கெல்வின். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5,500 கெல்வின். நம் மூளை இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்கிறது. 1936இல் சிறிய கேமராக்களுக்கு வந்த கோடாகுரோம் போன்ற வண்ணச்சுருள்களுக்கு அத்திறன் இல்லை. வெயிலுக்கான சுருளில் வீட்டு விளக்கொளியில் எடுத்த படம் ஆரஞ்சு நிறமாக விழும். இதைத் திருத்த நீல வடிகட்டியும், எதிர்நிலையில் இளம் ஆரஞ்சு வடிகட்டியும் பயன்பட்டன.

திருத்தப் பயன்பட்ட தாள்களையே கலைஞர்கள் வேண்டுமென்றே மாறுபட்ட நிறம் தரவும் பயன்படுத்தினர். இதில் பயில்வோர் அறியவேண்டிய சில இயல்புகள் உண்டு:

நிற ஒளிகள் கூட்டல் முறையில் சேர்கின்றன. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒரே சுவரில் விழும் இடம் மஞ்சளாகும். சிவப்பு விளக்கு மறைபடும் நிழல் பச்சையாகவும், பச்சை விளக்கு மறைபடும் நிழல் சிவப்பாகவும் தெரியும்.

பொருளின் நிறமும் ஒளியின் நிறமும் சேர்ந்தே முடிவைத் தருகின்றன. சிவப்புத் துணியைத் தூய நீல ஒளியில் வைத்தால் அது ஏறக்குறையக் கறுப்பாகும்.

நிற ஒளியின் மேல் வெள்ளொளி சிந்தினால் நிறம் வெளுத்துவிடும். அதனால் பின்திரைக்கு நிறமூட்டும்போது முதன்மை விளக்கு அதன்மேல் படாதவாறு மறைக்கவேண்டும்.

ஒளி அளவு கூடக் கூட ஜெல்லின் நிறம் வெளிறும். அடர்ந்த நிறம் வேண்டுமானால் ஒளியைக் குறைக்கவேண்டும்.

ஹங்கேரியில் பிறந்த லாஸ்லோ மொஹோய்-நாட்ஜ், 1937இல் சிகாகோவில் புதிய பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கிய பின், இரவுச் சாலையின் வாகன விளக்குகளையும் நிற ஒளிக்கோடுகளையும் கோடாகுரோமில் பதிந்தார். அங்கே பொருள் மறைந்து ஒளியே படப்பொருளாயிற்று.

இயல்பான நிறம் எது?

வண்ணச்சுருள்கள் பரவியபோது, எது சரியான நிறம் என்பதை முடிவு செய்தவர்கள் அவற்றைத் தயாரித்தவர்களே. அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையை வைத்திருந்தன. ஷெர்லி அட்டை எனப் பெயர்பெற்ற அதில் நீண்டகாலம் வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் உருவமே இருந்தது. அந்தத் தோல் நன்றாக வந்தால் படம் சரி என்று கொள்ளப்பட்டது. கருந்தோல் கொண்டவர்களின் முகங்கள் விவரமிழந்து இருண்டுபோவதாக எழுந்த குறைகள் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. பலவகைத் தோல்நிறங்கள் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. நடுநிலையானது என்று நம்பப்பட்ட நிறத்திலும் ஒரு தேர்வு இருந்தது.

கலையுலகிலும் வண்ணம் எளிதில் ஏற்கப்படவில்லை. அமெரிக்கக் கலைஞர் வாக்கர் எவன்ஸ் 1969இல் வண்ணப்படத்தைக் கொச்சையானது என்று எழுதினார். 1976இல் நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகம் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப்படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தபோது கடும் கண்டனம் எழுந்தது. 1973இல் அவர் எடுத்த சிவப்புக் கூரையின் படம் இன்று வண்ண ஒளிப்படத்தின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அதன் அழுத்தமான சிவப்பு, சாயமாற்று அச்சுமுறையால் கிடைத்தது. அம்முறையும் மூன்று வடிகட்டிகளால் நிறத்தைப் பிரிப்பதே.

ஜெய்ப்பூரில் பிறந்த ரகுபீர் சிங் (1942–1999) இந்த விவாதத்தை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். கறுப்பு வெள்ளையின் மீதான மேலை நாட்டு மதிப்பு இந்தியப் பார்வைக்குப் பொருந்தாது என்றும், இந்தியாவின் கலைமரபு நிறத்தோடு பிரிக்க முடியாதது என்றும் அவர் வாதிட்டார். தம் பணி முழுவதையும் வண்ணத்திலேயே செய்தார்.

காணா ஒளி

இரண்டாம் உலகப்போரின்போது, பச்சை வண்ணம் பூசி மறைக்கப்பட்ட படைத்தளங்களைக் கண்டறிய அகச்சிவப்பை உணரும் வண்ணச்சுருள் உருவாக்கப்பட்டது. உயிருள்ள இலைகள் அகச்சிவப்பை வலுவாக எதிரொளிக்கும். பச்சைப் பூச்சு அவ்வாறு செய்வதில்லை. இச்சுருளில் உண்மையான காடு சிவப்பாகவும் இளஞ்சிவப்பாகவும் தெரியும். நீல ஒளி உள்ளே வராதிருக்க மஞ்சள் வடிகட்டி தேவை.

உற்பத்தி நிறுத்தப்பட்ட இவ்வகைச் சுருளை ஐரிஷ் கலைஞர் ரிச்சர்ட் மோஸ் கிழக்குக் காங்கோவுக்கு எடுத்துச் சென்றார். உலகம் கவனிக்க மறந்த போர் நடந்த அந்நிலத்தின் குன்றுகளும் வீரர்களின் சீருடைகளும் அவருடைய படங்களில் இளஞ்சிவப்பில் மிளிர்ந்தன. 2013இல் வெனிஸ் ஈராண்டு விழா மரபில் வந்த கலைக்காட்சியில் அயர்லாந்தின் சார்பாக இப்பணி காட்டப்பட்டது. துயரத்தை அழகாக்கலாமா என்ற கேள்வி அதனுடன் எழுந்தது. போருக்காகச் செய்யப்பட்ட கருவியைப் போரைக் காட்டவே திருப்பியது இப்பணியின் வலு.

எண்ணிமக் காலம்

எண்ணிமக் கேமராவின் உணரியும் நிறக்குருடே. எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அது அளக்கும். கோடாக் பொறியாளர் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு, உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சிறு நிறவடிகட்டியை வைக்கிறது. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பகுதிக்குச் சிவப்பு, கால் பகுதிக்கு நீலம். மனிதக் கண் பச்சைப் பகுதியில் கூடுதல் கூர்மை கொண்டது என்பதால் இந்த விகிதம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறத்தை மட்டுமே அளக்க, மற்ற இரண்டும் அண்டைப் புள்ளிகளிலிருந்து கணக்கிடப்படுகின்றன. பெரும்பாலான கைப்பேசிப் படங்களில் நிறத்தகவலின் மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு கணக்கிட்டுப் பெறப்படுவதே.

விண்வெளித் தொலைநோக்கிகள் இன்றும் மேக்ஸ்வெல்லின் வழியைப் பின்பற்றுகின்றன. 1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படைப்பின் தூண்கள் என்னும் படம், மூன்று வடிகட்டிகளின் வழியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களின் சேர்க்கை. கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜன் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிஜன் ஒளிக்கு நீலமும் அளிக்கப்பட்டன. ஹைட்ரஜனின் அந்த ஒளி உண்மையில் சிவப்பு. கந்தகத்தின் ஒளியும் சிவப்பே. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டவே ஹைட்ரஜனுக்குப் பச்சை தரப்பட்டது. நிறத்தை மாற்றியதால் அங்குள்ள வாயுக்களின் அமைப்பு தெளிவாகத் தெரிகிறது.

எளிய சோதனை

மேக்ஸ்வெல்லின் சோதனையை மாணவர்கள் கைப்பேசியாலேயே செய்து பார்க்கலாம். சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் ஒளிபுகும் கண்ணாடித்தாள்கள் மூன்று போதும். கைப்பேசியை அசையாமல் நிறுத்தி, கறுப்பு வெள்ளை அமைப்பில், ஒவ்வொரு தாளையும் லென்சின் முன் வைத்து ஒரே காட்சியை மூன்று முறை எடுக்கவேண்டும். பின்னர்ப் படத்திருத்த மென்பொருளில் மூன்றையும் முறையே சிவப்பு, பச்சை, நீல அலைவரிசைகளில் இட்டால் வண்ணப்படம் கிடைக்கும். மூன்று படங்களுக்கும் இடையே ஒருவர் நடந்து சென்றால், அவர் மூன்று நிற உருவங்களாகப் பிரிந்து தெரிவார். படங்களை வரிசை மாற்றி இட்டால் இலை சிவப்பாகவும் வானம் பச்சையாகவும் மாறும்.